வாக்கெடுப்பு நேரத்து வயிற்றுவலி

நகர மன்றத்தில் அவளுக்குப் பச்சை மிளகாய் என்று பெயர். கட்சியும் பச்சை, வாயும் காரம். சுற்றுச்சூழல் கட்சி சார்பில் ஜெயித்து வந்த கவுன்சிலர் அவள் ஒருத்திதான். ஒருத்தியாக இருந்தும், அவள் பேச எழுந்தால் மேயர் தண்ணீர் குடிப்பார். அப்பேர்ப்பட்டவள் இன்று தங்கை வீட்டு வாசலில், காலிங்பெல்லை அழுத்தலாமா, பேசாமல் திரும்பிவிடலாமா என்று நின்றுகொண்டிருந்தாள்.

தெருவெல்லாம் நாற்றம். நகரத்தின் குப்பை மொத்தமும் இப்போது இந்தத் தெருவுக்குப் பின்னால் இருக்கும் காலி நிலத்தில்தான் கொட்டப்படுகிறது. புழுக்கத்திலும் எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் பழைய துணியைச் செருகி வைத்திருந்தார்கள்.

குப்பையை இங்கே கொட்டலாம் என்ற தீர்மானம் மன்றத்தில் ஒரே ஒரு கை வித்தியாசத்தில் நிறைவேறியது. அவள் எதிர்த்துக் கை தூக்கியிருந்தால் சமமாகி, மன்ற விதிப்படி தீர்மானம் விழுந்திருக்கும். தூக்கவில்லை. வாக்கெடுப்பு நேரத்தில் அவள் கழிப்பறையில் இருந்தாள். முந்தின நாள்தான் மேயர் தனியாகக் கூப்பிட்டு, "ஆத்தங்கரையில ஒரு கட்டடமும் வராது, அதுக்கு நான் பொறுப்பு. குப்பை விஷயத்துல மட்டும் நீங்க குறுக்க நிக்காதீங்க" என்று சொல்லியிருந்தார். அந்த ஆற்றங்கரைக்காக அவள் வருஷக்கணக்கில் நாயாக அலைந்திருக்கிறாள். குப்பைக்கு ஆதரவாகக் கை தூக்க மனசு வரவில்லை; எதிர்த்தால் ஆறு போய்விடும். ஆகவே கழிப்பறைக் கதவைத் தாழ்போட்டு, குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். 'தண்ணீரை வீணாக்காதீர்கள்' என்று அவளே ஒட்டவைத்த அறிவிப்பு எதிரில் இருந்தது.

பெல்லை அழுத்தாமலே கதவு திறந்தது. தங்கை கேட்ட முதல் கேள்வி, "வயிறு இப்ப எப்படிக்கா இருக்கு?"

என்ன வயிறு என்று கேட்க வாயெடுப்பதற்குள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். முன்னறை நிறையத் தெருக்காரர்கள். குப்பைக் கிடங்கை எதிர்த்து ஊர்வலம் போவது பற்றிய கூட்டம் அது. நீ வந்து பேசு என்று தங்கைதான் அழைத்திருந்தாள். மாட்டேன் என்று சொல்ல அக்காவுக்கு முகம் இல்லை.

மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அன்னைக்கு ஓட்டு எடுக்கிற நேரம் பாத்து எழுந்து போயிட்டீங்களே, ஏன்?"

"அதான் சொன்னேனே அண்ணா," தங்கை முந்திக்கொண்டாள். "அக்காவுக்கு அன்னைக்குக் காலையிலேர்ந்தே வயித்து வலி. துடிச்சுப் போயிட்டா. திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சிட்டாங்க. அவளையே கேளுங்க."

எல்லா முகமும் திரும்பியது. கவுன்சிலர் தலையை ஆட்டினாள். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும் குரல், அந்த நேரம் பார்த்து எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

டீ போட உதவுகிற சாக்கில் தங்கையின் பின்னாலேயே சமையலறைக்குப் போனாள்.

"யாருடி சொன்னது எனக்கு வயித்து வலின்னு?"

"நான்தான்." தங்கை பாலை அடுப்பில் வைத்தாள். "கூட்டத்தை நேரலையில பாத்துக்கிட்டுதான் இருந்தேன். மேயர் உன்னைப் பாத்தாரு. நீ கண்ணாடியைக் கழட்டி, துடைச்சு, உறையில போட்டு, பையில வெச்சு, ஜிப்பையும் இழுத்துட்டு எழுந்த. வலிக்கிறவ அப்படியா போவா?"

அக்கா டம்ளர்களை எடுத்துத் தட்டில் அடுக்கத் தொடங்கினாள்.

"மறுநாள் தெருவுல வாய்க்கு வந்தபடி பேசினாங்க. உங்க அக்கா விலைபோயிட்டான்னாங்க. நாலு பேர் முன்னால என்னால உன்னை விட்டுக்கொடுக்க முடியல. தோணினதைச் சொல்லிட்டேன்."

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் அக்காவைக் கூனிக் குறுக வைத்தது. அன்று கழிப்பறையில் நின்றபோது அவளுக்கு ஆறு மட்டுமா நினைவுக்கு வந்தது? இந்த வீடும் வந்தது. உள்ளறையில் இப்போது இருமிக்கொண்டிருக்கும் தங்கை மகளும் வந்தாள். வந்த பிறகுதான் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

"நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்," என்றாள். சொன்னதுமே நெஞ்சு கொஞ்சம் லேசானது.

"சொல்லாதே." தங்கை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "நீ சொல்லிட்டு, பாரத்தை இறக்கி வெச்சிட்டு, உன் வீட்டுக்குப் போயிடுவ. நான் இவங்க முகத்துலதான் தினமும் முழிக்கணும். இந்த நாத்தத்துல எனக்கு இவங்களை விட்டா யாரு இருக்கா?"

டீத் தட்டை அக்கா வாங்கிக்கொண்டு போனாள். அவளைப் பார்த்ததும் டிரைவர் எழுந்து நின்றார்.

"மனசுல வெச்சுக்காதீங்க மேடம். உடம்பு முடியாதவங்களைச் சந்தேகப்பட்டது எங்க தப்புதான். ஊர்வலத்துல நீங்கதான் முன்னால வரணும்."

"வர்றேன்," என்றாள்.

டிரைவரின் மனைவி அதற்குள் தன் வீட்டுக்குப் போய் ஒரு மாத்திரை அட்டையோடு வந்துவிட்டாள். "எனக்கும் இந்த வலி உண்டுங்க. இதுல ஒண்ணு போட்டா சட்டுனு கேக்கும். இப்பவே போட்டுக்குங்க, அவ்வளவு தூரம் திரும்பிப் போகணுமே." ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்தாள்.

தங்கை டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை. அறையில் இருந்த அத்தனை பேரும் அக்கறையோடு பார்த்துக்கொண்டிருக்க, கவுன்சிலர் மாத்திரையை விழுங்கினாள்.