பிக்கப் வண்டிக்குத் தெரிந்த காய்ச்சல்

கண்ணாடிக் கடைக்கு லோடு அடித்துக்கொண்டிருந்த பிக்கப் வண்டியின் சென்சார், ஒரு நாள் எஞ்சினின் சூட்டைக் காட்டுவதை விட்டுவிட்டு, டிரைவருடைய மகளின் உடம்புச் சூட்டைக் காட்டத் தொடங்கியது. மகள் அப்போது வேலைக்காக வேறு ஊரில் இருந்தாள். வண்டி கறுப்புப் புகை கக்குகிறது, டீசலைத் தண்ணியாகக் குடிக்கிறது என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். கொதிக்கிற எஞ்சினுக்கு முப்பத்தேழு டிகிரி. ஆறிக் கிடந்த எஞ்சினுக்கும் மறுநாள் காலை அதே முப்பத்தேழு. "சென்சார் போச்சுண்ணே. வண்டி இன்னும் சூடாகலன்னு நெனச்சுக் கம்ப்யூட்டர் டீசலை ஊத்திக்கிட்டே இருக்கு. புதுசு வாங்கி வீட்லயே மாட்டிக்கலாம், பெரிய வித்தையெல்லாம் இல்ல" என்றார். டிரைவர் புதுசு ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொள்ளலாம் என்று டேஷ்போர்டு டப்பாவில் போட்டுவைத்தார்.

ஞாயிறு வருவதற்குள், மெக்கானிக் கைமாற்றாகக் கொடுத்திருந்த ஸ்கேனரில் எண் முப்பத்தொன்பதுக்கு ஏறியது. அன்றைக்கு மகளுக்குப் போன் போட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. காய்ச்சலா என்று கேட்டதற்கு, இல்லை, சைட்டில் தூசி என்றாள். எண் இறங்கி மறுபடி முப்பத்தேழில் நின்ற அன்று, இரண்டு நாளாக லேசாகக் காய்ச்சல் இருந்தது என்று தானாகவே சொன்னாள். டிரைவரின் மனைவி, தெரு முழுவதற்கும் சட்டை தைக்கிற தையல்காரம்மா, இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டார். அதற்கு முந்தைய வருஷம் இந்தப் பெண் கடும் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்ததே வீட்டுக்குத் தெரியாது. லீவில் வந்தபோது பாதித் தலைமுடி கொட்டியிருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. அன்று முதல் அம்மாவுக்கு நெஞ்சு ஓரிடத்தில் நிற்கவில்லை. அப்படிப்பட்டவரிடம் சென்சாரைக் கழற்றலாமா என்று கேட்டால் என்ன நடக்கும்? "அதுல கை வச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றார். டிரைவர் கை வைக்கவில்லை.

ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் போனில் எண் தெரிகிற சின்னக் கருவி ஒன்றை வாங்கினார்கள். தினமும் காலையில் தையல்காரம்மா வண்டியில் ஏறி, சாவியைப் பாதி திருப்பி, மகளைப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கினார். பால் விலை கேட்பதுபோல அக்கம்பக்கத்தில் "இன்னிக்குப் பொண்ணு எவ்வளவு?" என்று கேட்டார்கள். எண் கொஞ்சம் ஏறினால் போதும், கஷாயம் குடி, வெயிலில் நிற்காதே என்று போன் பறக்கும். பாவம், மகளுக்கு இதெல்லாம் தெரியாது. பாலம் கட்டுகிற இடத்தில் அளவெடுக்கிற வேலை அவளுக்கு. கணக்குப் போடத் தெரிந்தவள். தான் தும்முவதற்குள் வீட்டுக்குச் செய்தி போகிறதென்றால் அறையில் கூட இருக்கிறவள்தான் கோள் சொல்கிறாள் என்று கணக்குப் போட்டாள். வாய்க்கு வந்தபடி திட்டினாள். அந்தப் பெண் அன்றே மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

இங்கே வண்டியும் சும்மா இருக்கவில்லை. எஞ்சின் சூடே ஆகவில்லை என்று நம்பிய கம்ப்யூட்டர் ஃபேனைப் போடவே இல்லை. மேட்டில் கண்ணாடி லோடோடு ஏறும்போது ஒரு நாள் பானட்டுக்குள்ளிருந்து ஆவி பொங்கியது. அப்போதும் போனில் சமர்த்தாக முப்பத்தேழு. இன்னொரு தடவை இப்படிக் கொதித்தால் எஞ்சினை மறந்துவிட வேண்டியதுதான் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். வண்டி போனால் பிழைப்பு போகும், சென்சார் போனால் வீட்டில் நிம்மதி போகும். டிரைவர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, போகிற இடமெல்லாம் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

லீவில் வந்த மகள் டேஷ்போர்டு டப்பாவில் பிரிக்காத பாக்கெட்டைப் பார்த்துவிட்டு, இது ஏன் மாட்டவில்லை என்று கேட்டாள். டிரைவர் மனைவியைப் பார்த்தார். தையல்காரம்மா கொஞ்சம் பெருமையோடுதான் போனை நீட்டினார். முப்பத்தாறு புள்ளி எட்டு. மகள் நம்பாமல் உள்ளே போய் தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டு வந்தாள். எடுத்துப் பார்த்தாள். அதே எண். சிரிப்பாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். "அப்போ அவ சொல்லலையா? எனக்கு ஆஸ்பத்திரியில கஞ்சி ஊட்டினவம்மா அவ. அவளைப் போய் நான்..." என்றாள்.

தையல்காரம்மா மகளின் தலையைத் தடவிவிட்டார். பிறகு புருஷனைப் பார்த்து, "ஸ்பேனரை எடுங்க" என்றார்.

எஞ்சின் ஆறித்தான் இருந்தது. டிரைவர் பேட்டரி ஒயரைக் கழற்றினார். மகள் பிளக்கின் கிளிப்பை அழுத்தி உருவி, ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினாள். கட்டைவிரல் பருமனில் பித்தளைச் சென்சார் வெளியே வந்தது. ஓட்டையிலிருந்து எஞ்சினைக் குளிர்விக்கிற பச்சைக் கூலன்ட் வழிந்ததும் டிரைவர் கட்டைவிரலால் அடைத்துக்கொள்ள, அம்மா வெட்டுத்துணியை நீட்டினார். புதுசை மகள் கையாலேயே முறுக்கி, கடைசியில் ஸ்பேனரால் லேசாக ஒரு இறுக்கு இறுக்கினாள். குறைந்த கூலன்ட்டை ஊற்றி, ஒயரை மாட்டி, வண்டியை ஓடவிட்டார்கள். எண் ஐம்பது, எழுபது, தொண்ணூறு என்று ஏறியது. கொஞ்ச நேரத்தில் ஃபேன் தானாகச் சுற்றியது. புகை இல்லை. டிரைவர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். தையல்காரம்மா மட்டும் அந்த எண்ணை யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனிமே எனக்கு எப்படித் தெரியும்?"

"நானே சொல்றேம்மா."

"நீயா?" என்றார் அம்மா.

மகள் போனை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை நடந்து, முன்பு அறையில் கூட இருந்தவளிடம் வெகுநேரம் பேசினாள். பழைய சென்சாரை யாரும் குப்பையில் போடவில்லை. தையல்காரம்மாவின் பித்தான் டப்பாவுக்குள் அது வெதுவெதுப்பாகக் கிடந்தது.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் பித்தான் எடுக்கப் போன கை சுட்டது. தையல்காரம்மா போனை எடுத்தார். மகளின் எண் வரைக்கும் போனார், அழுத்தவில்லை. போனைத் தையல் மெஷின்மேல் வைத்துவிட்டு, பாதியில் நின்ற சட்டையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ ஆறி ஏடு படிந்தது. அப்புறம் போன் அடித்தது.

"அம்மா, எனக்குக் காய்ச்சல்மா. நல்லாவே அடிக்குது. கஞ்சி ஊட்டினவதான் இப்பவும் கூட இருக்கா."

"அப்படியா கண்ணு?" என்றார் தையல்காரம்மா, ஒன்றும் தெரியாதவர்போல. "எவ்வளவு இருக்கு?"

டப்பா இன்னும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. அவர் தைக்கிற சட்டைகளில் பித்தான்கள் முதல் இரண்டு நாள் கதகதப்பாக இருக்கும். குளிர்காலத்தில் தெருவில் எல்லோரும் அவரிடமே தைக்கக் கொடுக்கிறார்கள்.