மூன்று தடவை கேட்கிற ஊர்

ஈஸ்டர் ஞாயிறு விருந்து முடிந்து, சமையலறைத் தொட்டியருகே மாமியாரும் மருமகளும் மட்டும் நின்றிருந்தார்கள். மார்லிஸ் தட்டுகளைக் கழுவிக் கொடுக்க, ரோசான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ரோசானுக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஆகஸ்ட் இருபத்துநாலு என்று டாக்டர் தேதி கொடுத்திருந்தார்.

"மார்லிஸ், குழந்தை பொறந்ததும் ரெண்டு வாரம் எங்ககூட வந்து இருக்கீங்களா?" என்று கேட்டாள் ரோசான், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மார்லிஸுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஆனால் ஐம்பத்தைந்து வருஷமாகப் பழகின வாய் பழகினதைத்தான் பேசும். "நான் வந்து என்னம்மா பண்ணப் போறேன்? சின்ன வீடு. உங்க காலுக்குள்ளயும் கைக்குள்ளயும் சுத்திக்கிட்டு இருப்பேன்," என்றாள்.

"சரி," என்றாள் ரோசான். துண்டை மடித்து வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள்.

கடைசித் தட்டு மார்லிஸின் கையிலேயே இருந்தது. அதைத் தானே துடைத்து வைத்தாள். அன்று மாலை மகனும் மருமகளும் மினியாபொலிஸுக்குக் கிளம்பும்வரை, கோட்டு மாட்டும்போது மறுபடி கேட்பாள், கார் கதவருகே கேட்பாள் என்று பின்னாலேயே நடந்தாள். ரோசான் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், விருந்துக்கு வைத்த ஹாம் இறைச்சி நன்றாக இருந்தது என்றாள், ஏறிப் போய்விட்டாள்.

மார்லிஸின் ஊரில் யாரும் முதல் தடவை கேட்டவுடன் ஒப்புக்கொள்வதில்லை. காப்பி குடிக்கிறீர்களா என்றால், "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பார்கள். மறுபடியும் கேட்டால், "ஏற்கெனவே போட்டு வச்சிருந்தா பார்க்கலாம்." மூன்றாம் தடவை கேட்டால், "சரி, அரைக் கப் போதும்." அரைக் கப் என்றால் முழுக் கப். தட்டில் கடைசித் துண்டு கேக் இருந்தால் அதை யாரும் எடுக்கமாட்டார்கள். ஒருவர் பாதி வெட்டுவார், அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. கடைசியில் நகக்கண் அளவு துண்டு ஒன்று ராத்திரிவரை உட்கார்ந்திருக்கும்.

ஆறு வருஷத்துக்கு முன் மகன் கர்ட் முதன்முதலாக ரோசானை அழைத்து வந்தபோது, அவள் காப்பிக்கு முதல் தடவையே, "ஓ, குடுங்க. ரெண்டு சர்க்கரை," என்றாள். பேரீச்சம்பழக் கேக்கின் கடைசித் துண்டை முழுசாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நியூ ஜெர்சியில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவரின் மகள். மார்லிஸின் கணவர் டுவெய்ன் அந்தக் கேக்கை இன்னும் மறக்கவில்லை. "அந்தப் பொண்ணு வந்தா நமக்குப் பாத்திரம் கழுவுறது மிச்சம்," என்பார், பாராட்டாகத்தான். மார்லிஸுக்கு அன்று கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

கோடை வந்தது. அந்த வருஷம் எல்லாம் ஒன்றாக வந்தது. ஸ்ட்ராபெரி பழுத்த வாரத்திலேயே, ஜூன் பதினாறாம் தேதி, மகள் ஹைடிக்குப் பெண் பிறந்தது. பிரிட்டா என்று பெயர் வைத்தார்கள். ஹைடி வீடு நாலு மைல் தூரம். மார்லிஸ் காலையில் தன் வீட்டில் ஜாம் காய்ச்சி ஜாடியில் ஊற்றி வைத்துவிட்டு, பத்து மணிக்கு மகள் வீட்டில் குழந்தைத் துணிகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருப்பாள்.

"நாளைக்கு வர்றியாம்மா?" என்பாள் ஹைடி.

"தினம் வந்து நின்னா உன் வீட்டுக்காரன் என்ன நினைப்பான்?"

"அவன் ஒண்ணும் நினைக்கமாட்டான். வா."

"அவனும் வேலையிலேருந்து வந்து கொஞ்சம் நிம்மதியா..."

"அம்மா, வா."

"சரி, கொஞ்ச நேரம் வர்றேன்."

இவ்வளவும் காலணி மாட்டி முடிப்பதற்குள் நடந்துவிடும். கொஞ்ச நேரம் என்பது சாயங்காலம்வரை.

சர்ச் பெண்கள் ஹைடிக்கு ஹாட்டிஷ் கொண்டு வந்தார்கள். மாட்டிறைச்சி, காளான் சூப், மேலே பொரித்த உருளைக்கிழங்கு அடுக்கி வேகவைத்தது. ஒன்பது நாளில் ஏழு வந்தது. ஒரே நாளில் இரண்டு வந்ததும் உண்டு. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒட்டுநாடாவில் பெயர் எழுதியிருக்கும். மார்லிஸ் பெயர்களைக் காலண்டரின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு, பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் மகள் பெயரில் நன்றி அட்டை எழுதினாள். இவ்வளவு பேர் நமக்கு இருக்கிறார்களே என்று நினைக்கும்போது அவளுக்குச் சில நாள் கண் கலங்கிற்று. ரோசானுக்கு அந்தப் பெரிய ஊரில் யார் கொண்டு வருவார்கள் என்ற நினைப்பும் கூடவே வந்தது. ரோசானுக்கு அம்மா இல்லை. இறந்து மூன்று வருஷம்.

மாடியில் தேவதாருப் பெட்டிக்குள் ஒரு குழந்தைப் போர்வை மடித்து இருந்தது. குளிர்காலத்தில் மார்லிஸ் இரண்டு போர்வை தைத்தாள். மஞ்சளும் பச்சையுமானது பிரிட்டாவுக்குப் போய்விட்டது. பெட்டியில் இருந்தது நீலக் கட்டம் போட்டது, கர்ட் பையனாக இருந்தபோது போட்ட சட்டைகளை வெட்டி ஒட்டுப்போட்டது. முழங்கை கிழிந்த சட்டையைக்கூட அவள் தூக்கி எறிந்ததில்லை. அந்தப் போர்வையைத் தன் கையால் கொண்டுபோய் ரோசானின் குழந்தையைச் சுற்ற வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம்.

ஜூலையில் பீன்ஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் கர்ட் போன் செய்வான்.

"இங்க பீன்ஸெல்லாம் முடிஞ்சாப்லதான்டா," என்றாள் மார்லிஸ் ஒரு ஞாயிறு. "ஆகஸ்ட்ல எனக்கு வேலையே இருக்காது போல."

"நல்லதாப் போச்சு. ரெஸ்ட் எடும்மா."

"ஹைடியும் இப்போ எல்லாத்தையும் தானே பார்த்துக்கறா."

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்."

போனை வைத்துவிட்டு அவள் பீன்ஸ் நுனியை வெடுக்வெடுக்கென்று கிள்ளினாள். டுவெய்ன் மேஜையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், கோடையில் வீட்டில்தான்.

"நேராக் கேட்டுத் தொலையேன்," என்றார்.

"எப்படிக் கேக்கறது? அவ வீடு. அவ கூப்பிடணும்."

"கூப்பிட்டான்னு சொன்னியே."

"ஒரு தடவை."

டுவெய்ன் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார். ஒரு தடவை என்பது அவர் கணக்கிலும் கூப்பிட்டதில் சேராது. கொஞ்ச நேரம் கழித்து, "போர்வைக்கு ஒரு அட்டைப்பெட்டி பார்த்து வைக்கட்டுமா? தபால்ல அனுப்பறதா இருந்தா," என்றார். நல்லதை நினைத்துத்தான் சொன்னார். மார்லிஸ் பீன்ஸ் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஆகஸ்ட் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கே அடுப்பில் பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே, கெட்டுப்போகாமலிருக்க வெந்நீரில் முழுக்கிய ஏழு ஜாடி வெள்ளரி ஊறுகாய். மேஜைமேல் இன்னும் பதினாலு ஜாடிக்குக் காய் கழுவி, சதகுப்பைக் கீரையும் பூண்டும் போட்டு வைத்திருந்தது. சுவரில் போன் அடித்தது.

"அம்மா, பையன்," என்றான் கர்ட். "ரெண்டு வாரம் முந்திக்கிட்டான். காலையில நாலு மணிக்கு. ஆறு பவுண்டு ரெண்டு அவுன்ஸ். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ஆஸ்பத்திரியிலேருந்துதான் பேசறேன்."

மார்லிஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "கடவுளே, நன்றி," என்றாள். பிறகு, "நான் வேணா வரட்டுமாடா?" என்றாள்.

"உனக்கு எதுக்கும்மா சிரமம். ஊறுகாய் சீசன்."

"ஊறுகாய் கெடக்குது. ரெண்டு நாளைக்காச்சும்?"

"நாங்க சமாளிச்சுக்குவோம்மா. பார்க்கலாம்."

இரண்டு தடவை கேட்டாயிற்று. மகனுடைய 'பார்க்கலாம்' அவளுக்குப் புரிந்த பாஷைதான். இன்னொரு தடவை கேட்டால் சரி என்பான். ஆனால் மூன்றாவது வாய்க்கு வரவில்லை. அது அவன் வீடு மட்டுமில்லை. அந்தப் பெண் ஏப்ரலில் ஒரு தடவை கேட்டு விட்டுவிட்டவள். அவள் நிஜமாகவே வேண்டாம் என்று நினைத்தால்?

போனுக்கு அந்தப் பக்கம் ரோசானின் குரல் கேட்டது. "என்ன நடக்குது அங்க? அம்மாவும் பிள்ளையுமா ஏலம் போடறீங்களா? போனைக் குடு."

சலசலப்புக் கேட்டது. பிறகு அவள் குரல் பக்கத்தில் வந்தது, களைத்துப்போய். "மார்லிஸ், ஈஸ்டர் அன்னைக்கு நான் உங்களைக் கேட்டேன். வேண்டாம்னுட்டீங்க. எங்க வீட்ல வேண்டாம்னா வேண்டாம்தான். அதுக்கு மேல கேக்கறது கட்டாயப்படுத்தற மாதிரி. நாலு மாசமா உங்களுக்கு என் வீடு பிடிக்கலைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

மார்லிஸ் போன் கயிற்றை விரலில் சுற்றினாள்.

"எங்கம்மா இருந்திருந்தா நான் யாரையும் கேட்டிருக்க மாட்டேன். இப்போ இன்னொரு தடவை கேக்கறேன். இதுக்கு மேல கேக்கமாட்டேன். வர்றீங்களா?"

உனக்கு எதுக்கும்மா தொந்தரவு என்ற வார்த்தைகள் மார்லிஸின் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. இது இரண்டாம் தடவை. முறைப்படி இன்னும் ஒன்று பாக்கி. அந்த ஒன்று வராது.

"ஆமா," என்றாள்.

அடுப்பருகே நின்றிருந்த டுவெய்ன் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா, வர்றேன். ஈஸ்டர்லயே எனக்கு வரணும்னுதான் இருந்துச்சு."

"அப்போ ஏன் வேண்டாம்னீங்க?"

"நான் எங்கே வேண்டாம்னேன்? வந்து என்ன பண்ணப் போறேன்னுதானே சொன்னேன்."

அந்தப் பக்கம் ரோசான் சிரிக்க ஆரம்பித்தாள். "சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது," என்றாள். சிரிப்பை நிறுத்தவும் முடியவில்லை. "உங்க ஊர்ல ஒருத்தர்கிட்ட ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும்னா எத்தனை தடவைதான் கேக்கணும்?"

"மூணு," என்றாள் மார்லிஸ்.

"ஆறு வருஷமா இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லலை?"

"நீ கேக்கலையே."

போனை வைத்துவிட்டு அவள் பானையைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள்.

"போ," என்றார் டுவெய்ன். "நான் பார்த்துக்கறேன்."

"உனக்கு ஜாடி மூடத் தெரியாது."

"ஹைடியைக் கூப்பிட்டுக்கறேன். நாப்பது பிள்ளைங்களை பஸ்ல உட்கார வைக்கறவனுக்கு நாப்பது வெள்ளரிக்காய நிக்க வைக்கத் தெரியாதா?"

நேரம், உப்பு, ஜாடியில் எவ்வளவு இடம் விடவேண்டும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எண் போட்டு எழுதிக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டினாள். வெந்த ஏழு ஜாடியை எடுத்துத் துண்டின்மேல் வைத்தாள். அவள் மாடியிலிருந்து போர்வையை எடுத்து வருவதற்குள், சூடு ஆற ஆற மூடிகள் ஒவ்வொன்றாக 'டிங்' என்று உள்ளிழுத்துக்கொண்டன. ஏழும் காற்றுப் புகாமல் மூடிக்கொண்டன. போர்வையைப் பக்கத்து இருக்கையில் வைத்து, மூன்று மணி நேரம் காரை ஓட்டிப் போனாள்.

ஆஸ்பத்திரி அறையில் ரோசான் தலையணையில் சாய்ந்திருந்தாள். குழந்தைக்கு ஆன்டனி டுவெய்ன் என்று பெயர். முதலாவது ரோசானின் அப்பா பெயர், அடுத்தது டுவெய்னுடையது.

"வாங்கிக்கறீங்களா?" என்று குழந்தையை நீட்டினாள் ரோசான்.

தூங்குகிறானே, எழுப்ப வேண்டாம் என்று சொல்ல மார்லிஸ் வாயைத் திறந்தாள். ரோசான் புருவத்தை உயர்த்தினாள். மார்லிஸ் வாயை மூடிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

கட்டம் போட்ட போர்வையை விரித்துச் சுற்றியபோது கர்ட் எட்டிப் பார்த்து, "இது என் மூணாங்கிளாஸ் சட்டையில்ல?" என்றான். மார்லிஸ் குழந்தையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டுவெய்ன் காது அப்படியே.

அவள் பதினெட்டு நாள் இருந்தாள். துணி துவைத்தாள், சூப் வைத்தாள், வைத்த சூப்பில் பூண்டு போதாது என்று ரோசான் முகத்துக்கு நேராகச் சொன்னபோது மறுநாள் இரண்டு பல் கூடப் போட்டாள். நேராகச் சொன்னால் வேலை எவ்வளவு சுளுவாக முடிகிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு மதியம், "காப்பி குடிக்கிறியா?" என்று கேட்டாள்.

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்," என்றாள் ரோசான், முகத்தை ரொம்பப் பவ்யமாக வைத்துக்கொண்டு.

"சிரமமில்ல. போடட்டுமா?"

"ஏற்கெனவே போட்டிருந்தா..."

"போட்டாச்சும்மா. குடிக்கிறியா இல்லையா?"

"சரி, அரைக் கப்," என்றாள் ரோசான். மார்லிஸ் முழுக் கப் ஊற்றினாள்.

ஊர் திரும்பியபோது தக்காளி சிவந்து கிடந்தது. நிலவறையில் ஊறுகாய் ஜாடிகள் அடுக்கியிருந்தன. ஒன்றிரண்டில் காய் மிதந்ததைப் பார்த்தும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஞாயிறு மதியம் நன்றி அட்டைகளோடு மேஜையில் உட்கார்ந்தாள். தான் இல்லாத நாட்களில் டுவெய்னுக்குச் சாப்பாடு கொண்டு வந்த நாலு பேருக்கு, ஊறுகாய்க்குக் கைகொடுத்த ஹைடிக்கு, பேரனுக்குத் தொப்பி பின்னிக் கொடுத்த பாதிரியார் மனைவிக்கு.

"காப்பி வேணுமா?" என்றார் டுவெய்ன்.

"வேணும்," என்றாள் அவள்.

டுவெய்ன் கெட்டிலை இன்னும் அடுப்பில் வைக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை கேட்க நேரம் இருக்கிறது என்று நினைத்திருந்தார். அவசரமாகப் போய்த் தண்ணீர் பிடித்தார்.

கடைசி அட்டை பாக்கி. தான் போய் உதவிய வீட்டுக்குத் தானே நன்றி அட்டை அனுப்புவது வழக்கமில்லை. ஆனாலும் உறையில் ரோசானின் முகவரியை எழுதினாள். எங்கே ஆரம்பிப்பது என்று கொஞ்சம் யோசித்தாள். பிறகு எழுதினாள்: 'அன்புள்ள ரோசான், நீ கேட்டதற்கு நன்றி. இரண்டு தடவையும்.'