லூடோல்ஃபின் கல்முகம்

பால்டிக் துறைமுகத்துப் பெரிய வீதியில் மீன் வியாபாரி லூடோல்ஃபின் வீடு செங்கல்லும் செருக்குமாக நான்கு மாடி நின்றது. அதன் பக்கத்தில் ஒரு சந்து. எதிரே ஆள் வந்தால் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே போனால் கொல்லைப்புறம்; அவனுக்கு வாடகை கொடுக்கும் ஏழெட்டுக் குடும்பங்கள். வாடகை நாளில் மட்டும் அவர்கள் அவன் கண்ணுக்கு மனிதர்கள், மற்ற நாளில் குப்பை கிளறும் கோழிகள்.

போன பனிக்காலம் முடிந்ததும் சந்துச் சுவரில், தோள் உயரத்தில், துருத்தி நிற்கும் ஒரு கல்முகம் பதித்தான். பிதுங்கிய கண், நீண்ட நாக்கு. பொறாமைக் கண் படாமலிருக்க என்று பங்குத்தந்தையிடம் சொன்னானாம். இவன் மூஞ்சியைப் பார்த்து யார் பொறாமைப்படப் போகிறார்கள்? நாக்கு கொல்லைப்புறத்தாரைப் பார்த்துத்தான் நீண்டிருந்தது. தண்ணீர் வாளியோடு கடக்கும்போது கொல்லைப்புறத்து மெட்டா அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

ஆகஸ்டில் அவள் புருஷன் ஹின்ரிக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். மூட்டை தூக்குகிறவன். சுமைகூலிச் சங்கத்துத் தோழர்கள் மறுநாளே பெட்டியைத் தோளில் ஏற்றிச் சந்துக்குள் நுழைந்தார்கள். பெட்டி கல்முகத்தில் இடித்து நின்றது.

சந்து என்றால் சவப்பெட்டி போகிற அகலம் வேண்டும் என்பது நகரசபைச் சட்டம். லூடோல்ஃப் அளந்துதான் வைத்திருந்தான், தரையில். பெட்டி தரையில் தவழாது, தோளில் போகும் என்பது அந்த மண்டையில் ஏறவில்லை. தோளில் எதையாவது சுமந்திருந்தால்தானே தெரியும்!

பெட்டி செய்த தச்சன் தீத்மார் சுத்தியலை எடுத்தான். "அக்கா, ஒரே போடு. நாக்கும் மூக்கும் தனித்தனியா விழும்."

"வேணாம். அவன் சுவத்துல கை வெச்சா உன்னைத்தான் பிடிச்சு உள்ள போடுவாங்க."

சத்தம் கேட்டு லூடோல்ஃப் சமையற்கட்டுக் கதவைத் திறந்து கொல்லைக்கு வந்தான். வெல்வெட் குல்லாய், வாயில் எண்ணெய்ப் பளபளப்பு. உள்ளே அவன் மகளின் நிச்சயதார்த்த விருந்து.

"என்னப்பா தகராறு? இடுப்புக்குக் கீழ பிடிச்சு எடுத்துட்டுப் போங்களேன். நாலு எட்டுதானே."

தூக்குத் தண்டனையில் செத்தவனைத்தான் அந்த ஊரில் இடுப்புக்குக் கீழே கொண்டுபோவார்கள். மெட்டாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவனுடைய மீன் பீப்பாய்களைச் சுமந்தே தேய்ந்த மனுஷன், கடைசி நடையில் கொலைகாரனைப் போலப் போவதா?

"ஐயா, சந்து அடைஞ்சிருந்தா முன்வீட்டுக்காரர் தன் வீட்டு வழியா விடணும். அதுவும் சட்டந்தானே?"

"உளறாதே! உள்ள சம்பந்தி வீட்டார் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."

"பயப்படாதீங்க," என்றான் தீத்மார். "ஹின்ரிக் ஒண்ணும் சாப்பிட மாட்டார். சும்மா கடந்துதான் போவார்."

லூடோல்ஃபின் குரல் இறங்கியது. "நாளைக்கே கொத்தனை விட்டு அதைப் பேத்துடறேன், மெட்டா. ஒரு நாள் பொறுத்துக்கோம்மா."

"இந்த வெயில்லயா? உங்க மீனா இருந்தா உப்புல போட்டு வைக்கலாம்."

"நல்ல காரியம் நடக்கற வீட்டுக்குள்ள அடுத்த வீட்டுப் பிணம் வந்தா ஆகாதும்மா. உன் கால்ல வேணா விழறேன்."

"விழுந்தா அதுவும் வழியை அடைக்கும். தள்ளி நில்லுங்க."

தோழர்கள் திரும்பினார்கள். பெட்டி சமையற்கட்டுக்குள் நுழைந்து, வறுத்த பன்றியைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தது. சம்பந்தி வீட்டார் கையில் எலும்போடு எழுந்து நின்று குல்லாயைக் கழற்றினார்கள். கல்யாணப் பெண் மட்டும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். பெட்டி போக வாசல் கதவின் ஒரு பலகை போதவில்லை. மறுபலகையையும் திறந்து பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. வேலைக்காரர்கள் யாரும் நகரவில்லை.

லூடோல்ஃபே போய்ப் பிடித்தான், வெறுந்தலையோடு, தலை குனிந்து. இத்தனை வருஷமாக ஹின்ரிக் இந்த வாசலில் கால் வைக்கப் போனபோதெல்லாம், "பின்பக்கமா வாடா" என்று துரத்திய அதே ஆள்.

மெட்டா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வீதியில் இறங்கி, பெட்டியின் மேல் கையை வைத்து, அன்றைக்கு முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.