ஜெனரேட்டர் அறைச் சாவி

பொறுப்பு என்பது புனிதமானது. அதை ஏற்றவன் உயிருள்ளவரை தன்னோடு சுமந்தே தீரவேண்டும். தனசேகர் அதைப் பேண்டின் வலது பாக்கெட்டில், கைக்குட்டைக்கு அடியில் சுமந்தார். விரல் நீளப் பித்தளைச் சாவி.

எருமப்பட்டிக்கு அப்பால் இருந்த ஒரு முட்டைக்கோழிப் பண்ணைக்கு அவர் மேலாளர். முப்பதாயிரம் கோழிகள், ஒரே ஷெட், நான்கு பக்கமும் மூடியது. ஷெட்டின் ஒரு முனையில் ஆள் உயர மின்விசிறிகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால், சித்திரை வெயிலில் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும். அப்புறம் சாவு.

மின்சாரம் போனால் ஜெனரேட்டர் தானாக ஓடும் வசதி இருந்தது. டீசல் வீணாகிறது என்று தனசேகர் அதை நிறுத்திவைத்து, அறைக்குப் பூட்டுப் போட்டு, 'மேலாளர் அனுமதியின்றிப் பூட்டைத் தொடுவோர் வேலைநீக்கம் செய்யப்படுவர்' என்று அட்டையும் மாட்டினார். காளியப்பன் என்ற வேலையாள் ஒருநாள் பூட்டின் மேல் இருந்த ஒட்டடையைத் துடைத்தான். மறுநாள் வேலையில் இல்லை.

அன்று மாதாந்திர மின்நிறுத்தம். ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும் என்று முந்தின நாளே பேப்பரில் வந்துவிட்டது. ஐந்து நிமிடம் முன்னதாகப் போய், ஆட்கள் பார்க்கச் சாவியைத் திருப்புவது தனசேகரின் வழக்கம்.

எட்டு இருபத்தைந்துக்கு, பண்ணைக்கு ஒன்பது கிலோமீட்டர் இருக்கையில், கார் இடது பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தார். முன் டயர் தரையோடு தரையாகக் கிடந்தது.

டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. கார் வாங்கிய அன்று வைத்தது. அதற்கப்புறம் யாரும் அதைத் தொட்டதில்லை. கட்டைவிரலால் அமுக்கினார், உள்ளே போயிற்று. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய குடும்பம், ஐந்தாவதுக்குக் காற்றடிக்க மறந்திருந்தது.

எருமப்பட்டி பஞ்சர் கடை கதிர்வேலுக்குப் போன் போட்டார். "கடை இப்பத்தாங்க தொறக்கறேன். வாரனுங்க" என்றான் கதிர்வேல்.

அந்த நேரத்தில் ஒரு மொபெட் வந்து நின்றது. காளியப்பன்.

"ஏனுங்க சார், பஞ்சருங்களா?"

"பாத்தா தெரியலியா?"

"தெரியுதுங்க. இன்னைக்குக் கரண்ட் நிறுத்தமாச்சே. பொறத்தால உக்காருங்க, இருவது நிமிசத்துல கொண்டுபோயி உட்டுடறேன்."

தனசேகர் மொபெட்டைப் பார்த்தார். பின்னால் ஒரு தவிட்டு மூட்டை கட்டியிருந்தது. அதன்மேல் உட்கார்ந்து, தான் நீக்கியவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பண்ணை கேட்டுக்குள் நுழைவதை நினைத்துப் பார்த்தார்.

"வேண்டாம். கதிர்வேல் வந்துட்டே இருக்கான்."

"அப்ப சாவியவாச்சும் குடுங்க. ஷெட்டப் பாத்துக்கற மயிலக்கா கையில குடுத்துட்டு நான் பாட்டுக்குப் போயிடறேன். உள்ளயே வரமாட்டனுங்க."

"உங்கிட்டயா?"

காளியப்பன் சிரித்தான். "நெசந்தான். நான் ஒட்டடை அடிச்ச திருடனாச்சே." மொபெட்டை மிதித்தான். கொஞ்ச தூரம் போய் நின்று, திரும்பிக் கத்தினான்: "கோழிக்கு அதெல்லாம் தெரியாதுங்க சார்!"

கதிர்வேல் வந்தபோது ஒன்பதாக ஐந்து நிமிடம் இருந்தது. டயரைச் சுற்றிப் பார்த்து, குறடால் ஒரு கம்பித் துண்டை உருவினான். அவன் ஓட்டையை அடைக்க உட்கார்ந்ததும் போன் அடித்தது. ஷெட்டுக்குப் பொறுப்பான மயிலம்மாள்.

"சார், கரண்ட் போயிருச்சுங்க. எங்க வாரீங்க?"

"வந்துட்டே இருக்கேன். கதவெல்லாம் தொறந்து உடு. தண்ணி தெளி."

"தொறந்துட்டனுங்க. காத்தே இல்ல. எல்லாம் வாயப் பொளந்துட்டு நிக்குதுங்க."

ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும்.

"சார், கடப்பாரை இருக்குதுங்க. பூட்ட ஒடச்சரட்டுங்களா?"

"பூட்டு மேல கை வெச்சே, நீயும் காளியப்பன் போன வழியே போயிருவே. கேமரா இருக்குது, ஞாபகம் வெச்சுக்க."

"கரண்டே இல்லீங்களே சார், கேமரா எப்படி..."

போனை வைத்துவிட்டார். கதிர்வேல் தலையைத் தூக்காமல் பம்பு அடித்தான். "ஒடைக்கச் சொல்லியிருக்கலாமுங்க" என்றான்.

"உன் வேலையப் பாரு."

"பாக்கறனுங்க."

மூன்றாவது போனில் மயிலம்மாள் பேசவில்லை. ஷெட்டுக்குள்ளிருந்து வரும் சத்தத்தை மட்டும் கேட்கவிட்டாள். முப்பதாயிரம் கோழிகள் இரையும் ஷெட் அது. இப்போது இருமல் வார்டு போலக் கேட்டது.

ஒன்பது இருபத்தெட்டுக்குக் கார் பண்ணைக்குள் நுழைந்தது. தனசேகர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார். ஷெட் கதவு வழியே தெரிந்த வரைக்கும் கூண்டுகளில் கழுத்துகள் வெளியே தொங்கின. இரண்டு பெண்கள் வாளித் தண்ணீரை வீசிக்கொண்டிருந்தார்கள். எதன்மேல் விழுகிறது என்று அவர்கள் பார்க்கவில்லை. உயிரோடிருந்தவை செத்தவற்றின் மேல் இறக்கையை விரித்துக் கிடந்தன. பாதிக்குமேல் போயிருந்தன. மீதியில் எத்தனை சாயங்காலம் வரை நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

மயிலம்மாள் ஜெனரேட்டர் அறை வாசலில், பூட்டுக்கு நாலடி தள்ளி, கடப்பாரையோடு நின்றாள். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க சார். அதனாலதான் ஒடைக்கல" என்றாள். அவர் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"தள்ளு."

அவள் தள்ளி நின்றாள். தனசேகர் கைக்குட்டையை விலக்கிச் சாவியை எடுத்தார். இடது கையால் பூட்டைப் பிடித்தார். பூட்டு அவர் கையோடு வந்துவிட்டது.

முந்தின நாள் சாயங்காலம் அவர் அதை மாட்டியதோடு சரி. அமுக்கவில்லை.