மூன்று மணிக்கு எடுத்த படம்

பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நாட்டை விட்டே கிளம்பி வந்த குடும்பத்துப் பெண், என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பள்ளிக்கூட அலுவலகத்தில் போய் நின்றால் யார் நம்புவார்கள்? தபேயா போய் நின்றாள். வயது பதினாறு.

ஜெர்மனியில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. படிப்பு பிள்ளையின் உரிமை, பெற்றவனே தடுத்தாலும் விடமாட்டோம் என்கிற நாடு அது. பள்ளிக்கூடம் பிள்ளையின் பக்தியைக் கெடுத்துவிடும் என்று நம்பிய தபேயாவின் அப்பா எபர்ஹார்டுக்கு அது வேப்பங்காயாகக் கசந்தது. பெற்றவன் உரிமையில் தலையிட அரசாங்கம் யார் என்று கேட்கிற அமெரிக்க மாநிலமான மிசூரிக்குக் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். இரண்டு இடத்திலும் உரிமை உரிமை என்றுதான் பேசினார்கள். யாருடைய உரிமை என்பதில்தான் இந்தப் பெண் மாட்டிக்கொண்டாள்.

வீட்டில்தான் படிப்பு என்று பேர். அப்பா காலையில் வேதாகமம் வாசித்துவிட்டுத் தச்சு வேலைக்குப் போய்விடுவார். அம்மாவுக்கு ஐந்தாவது குழந்தை. மிச்ச நேரமெல்லாம் தபேயாவுக்குத் துணி துவைப்பதும் தம்பிகளுக்குச் சோறு போடுவதும். நர்ஸ் ஆகவேண்டும் என்று அவளுக்கு ஆசை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். பின்னக் கணக்கே புரியவில்லை. ஏழு வருஷத்தில் என்ன படித்தாய் என்று கேட்க ஒரு ஆள் வந்ததில்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்த ஊரில் மரியாதை.

அலுவலகத்தில் இருந்த லோரெட்டா என்கிற அம்மாள், அவள் பேச்சில் இருந்த ஜெர்மன் இழுவையைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவுடன் எழுந்துவிட்டாள். சபைப் பத்திரிகையில் வந்த படத்துப் பெண் அல்லவா இவள்! முதுகில் பையோடு, இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் ஒன்பது வயதுப் பிள்ளை தேம்பித் தேம்பி அழுகிற படம். பள்ளிக்கு இழுத்துப் போகிறார்கள் என்று அதன் கீழே போட்டிருந்தது. லோரெட்டா அதை ஒரு வருஷம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து தினமும் ஜெபம் செய்தவள்.

தபேயா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "அது காலைல எடுத்த படம் இல்ல மேடம். மத்தியானம் மூணு மணிக்கு எடுத்தது. என்னைத் திரும்ப வீட்டுல கொண்டுவந்து விட்டாங்க. அதுக்குத்தான் அழுதேன்."

ஜெர்மனியில், அப்பா அனுப்ப மறுத்ததால், ஐந்து நாள் பள்ளிக்குப் போயிருக்கிறாள், போலீஸ் வண்டியில். மெர்லே என்ற பெண் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். அப்புறம் ஒரு நீதிபதி, அப்பா அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, உனக்கு என்னம்மா வேண்டும் என்று அவளையே கேட்டார். கதவுக்கு வெளியே அம்மா விசும்புவது கேட்டது. பள்ளிக்கூடம் வேண்டாம் என்று அப்பா சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்துவிட்டாள். அதற்கப்புறம் அவளை யாரும் எதையும் கேட்கவில்லை. இன்றைக்குத்தான், யாரும் கேட்காமலேயே, உண்மையைச் சொன்னாள்.

லோரெட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேஜையைச் சுற்றி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"பாவிங்க, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல அஞ்சே நாள்ல புள்ள மனச எப்படிக் கலைச்சு விட்டிருக்காங்க பாரு."

தபேயா அவள் பிடியிலிருந்து விலகிக்கொண்டாள். சேர்க்கைப் படிவத்தையாவது கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தாள்.

"அப்பா கையெழுத்து இல்லாம ஒண்ணும் நடக்காது கண்ணு. அது அவரோட உரிமை. அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தீங்க?"

சொல்லிவிட்டு, நல்லது செய்வதாக நினைத்து, அவருக்கே போன் போட்டாள்.

எபர்ஹார்ட் கையில் மரத்தூளோடு வந்தார். திட்டவில்லை. லோரெட்டாவிடம் நன்றி சொன்னார். போலீஸ் இழுத்துப் போன கதையை ஞாயிற்றுக்கிழமை சபைப் பிள்ளைகளுக்கு இவள் வாயாலேயே சொல்லவேண்டும் என்று லோரெட்டா கேட்டுக்கொண்டாள். சொல்லுவாள் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

வண்டியில் போகும்போது, "உனக்காகத்தான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்" என்றார். அதை அவர் மனசார நம்பினார். அதுதான் கொடுமை. அவரைத் திட்டக்கூட அவளால் முடியவில்லை.

"ஞாயித்துக்கிழம நான் என்னப்பா சொல்லணும்?"

"நடந்ததைச் சொல்லு, போதும்."

என்ன நடந்தது என்று அவரையே கேட்டாள். வீடு வரும்வரை அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.