வெளிமாநில நடவு

திரையில் 41.3 என்று வந்ததும் சிவசுப்பிரமணியன் சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். காரைக்கால் கிராமங்களில் வேலைக்குப் போகும் பெண்களில் நூற்றுக்கு நாற்பத்தொரு பேர் வெளிமாநிலத்துக்குப் புலம்பெயர்ந்து போகிறார்கள். இதுவரை யாரும் சொல்லாத கண்டுபிடிப்பு. ஜன்னல் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்து, "பாத்தியா ஜெர்லின், இதான் பேப்பர்" என்றார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அரை நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. உறைத்தபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அதில் பாதி என் மேல்தான்.

எம்.ஏ. பொருளாதாரம் முடித்தவர்களைப் பிஎச்.டி.க்குத் தயார் செய்கிற ஓராண்டு ஆய்வுப் பயிற்சி அது. ஆறு பேர் சேர்ந்தோம், நான்கு பேர் மிச்சம். பயிற்சி என்று பெயர்தான். சாருடைய ஆய்வுக்காக வீடு வீடாக ஏறி இறங்குவது, வந்த விடைகளைக் கணினியில் ஏற்றுவது, அவர் சொல்கிற நிபந்தனையை நிரலாக எழுதி ஓடவிடுவது, அவ்வளவுதான். கேள்வித்தாள்கூட எங்கள் ஊருக்காகத் தயாரித்ததல்ல. வடக்கே செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறவர்களைப் பற்றி சார் முன்பு செய்த ஆய்வின் தாள் அது. ஊர்ப் பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார். குடியிருப்பது எந்த மாநிலம், வேலை பார்ப்பது எந்த மாநிலம், இரண்டும் வேறு என்றால் புலம்பெயர்ந்தவர். அந்த வரியைக் கணினியில் அடித்தது நான். மாநில எண்கள்: காரைக்கால் சேர்ந்திருக்கிற புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலுமாக இருக்கிற ஊரில் பிறந்தவளுக்கு, கொஞ்சம் எட்டி நடந்தால் மாநிலம் மாறிவிடும் என்று தெரியாதா? தெரியும். கணினி முன்னால் உட்கார்ந்ததும் மறந்துபோனது. அப்படி மறக்க வைப்பதைத்தான் பயிற்சி என்கிறார்கள் போலிருக்கிறது.

தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த நாற்பத்தொன்றில் முக்கால்வாசி வரிச்சிக்குடி, கோட்டுச்சேரிப் பக்கத்து நடவுப் பெண்கள். காலையில் லோடு ஆட்டோவில் ஏறி, பாலம் தாண்டி, அந்தப் பக்கத்து வயலில் நட்டுவிட்டு, இரண்டு மணிக்கெல்லாம் வீட்டில் சோறு வடிப்பவர்கள். இருபது பேரைச் சேர்த்து நடவுக்கு அழைத்துப்போகிற நீலாயதாட்சி அக்காவும் அவருடைய ஆட்களும் மொத்தமாக அதில் இருந்தார்கள். எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்து, ஐம்பத்திரண்டு கேள்விக்கும் சலிக்காமல் விடை சொன்னவர் அக்கா. அவரை நான் நாடோடி ஆக்கியிருந்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக சாரிடம் போய் நின்றேன்.

"சார், அவங்க எங்கயும் போகல சார். பாலம் தாண்டி நட்டுட்டு மத்தியானமே வந்துடறாங்க."

"வேற மாநிலத்துலதான வேலை பாக்கறாங்க?"

"ஆமா சார், ஆனா..."

"அப்புறம் என்ன ஆனா? நமக்குத் தெரிஞ்சத டேட்டாவுக்குச் சொல்லிக்குடுக்கக் கூடாதும்மா. அது சொல்றத நாம கேக்கணும்." பிறகு குரலைத் தணித்து, "உன் லெட்டர் வேற இருக்குல்ல. வெள்ளிக்கிழமை கருத்தரங்கு முடியட்டும், போட்டுடறேன்" என்றார்.

பெங்களூரில் பிஎச்.டி.க்கு மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். இரண்டு போய்விட்டன. பயிற்சி கொடுத்தவருடைய கடிதம் இல்லாவிட்டால் அந்த இரண்டையும் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கடைசி நாள் சனிக்கிழமை. இது தவறினால் கிளார்க் தேர்வுக்குப் படி என்று அப்பா இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், புத்தகம்கூட வாங்கி வைத்துவிட்டார். ஒரு மனிதரின் கையெழுத்தில் ஒருத்தியின் படிப்பு முழுவதையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிற இந்த ஏற்பாட்டைச் செய்தவன் யாராக இருந்தாலும் நன்றாக இருக்க மாட்டான். அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன், இப்போதும் மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. ஆனால் சாரிடம் தலையாட்டிவிட்டு அறையை விட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் புலம்பெயர்ந்த பெண் ஒருவரையே மேடையில் பேசவைக்கலாம் என்பது சாருடைய யோசனை. அழைத்துவரும் பொறுப்பு எனக்கு. நீலாயதாட்சி அக்கா கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில் பஸ் ஏறி வந்திருந்தார். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் என்ன பாப்பா பேசறது?"

"கேக்கறதுக்கு பதில் சொன்னா போதும்க்கா. நான் பக்கத்துலயே நிப்பேன்."

டெல்லியிலிருந்து வந்த நிபுணருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கும் அக்காவுக்கும் நடுவில் மைக்கோடு நான் நின்றேன். ஊரைவிட்டுப் போய் வேலை செய்வது எப்படி இருக்கிறது என்று அவர் மெதுவாக, மரியாதையாகக் கேட்டார். மனிதர் நல்லவர்தான். நான் அக்காவிடம், "வேலைக்குப் போய்ட்டு வர்றது எப்படிக்கா இருக்கு?" என்றேன்.

"அது கெடக்கு. ஆட்டோல ஏறுனா பத்து நிமிஷம். நெருக்கிக்கிட்டு நிக்கணும். மழை பேஞ்சா நனையணும். வேற என்ன?"

முன்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். சார் என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல அவ்வளவு கனிவாகப் பார்த்தார்.

பயணம் மிகவும் சிரமமானது, நெரிசலில் நின்றுகொண்டே போகவேண்டும், மழைக்குப் பாதுகாப்பு கிடையாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பத்து நிமிஷத்தை மட்டும் விழுங்கிவிட்டேன். நிபுணர் வருத்தத்தோடு தலையாட்டிக் குறித்துக்கொண்டார். அரங்கத்தில் நூற்றைம்பது பேர் இருந்திருப்பார்கள். பேராசிரியர்கள், மாணவர்கள், இரண்டு மொழியும் தெரிந்தவர்கள். அந்தப் பாலத்தையும் தெரிந்தவர்கள். சிலர் அன்று காலை அதைத் தாண்டித்தான் கருத்தரங்குக்கே வந்திருந்தார்கள். ஒருவர் வாயைத் திறக்கவில்லை. இறங்கிப்போய் அத்தனை பேரையும் கன்னத்தில் அறையவேண்டும்போல இருந்தது. என்னிடமிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்.

"நான் சொன்னதப் பூராவும் சொன்னியா பாப்பா?" என்றார் அக்கா. மைக் அவர் குரலையும் வாங்கிக்கொண்டது.

"சொன்னேன்க்கா."

"பத்து நிமிஷம்னத சொன்னியா? டென்னுன்னு ஒண்ணும் காதுல விழலியே. எம்புள்ள இங்கிலீசுல வாய்ப்பாடு சொல்றப்ப நானும் கேட்டிருக்கேன்."

நான் மைக்கைக் கீழே இறக்கினேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். அவசரத்தில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார் போல. தோளில் ஆதரவாக ஒரு தட்டுத் தட்டினார். பிறகு அவரே நிபுணர் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் உயர்த்திப் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். நடவு நாள்கள். நகக்கண்களில் சேறு கறுத்திருந்தது, விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் வெளுத்திருந்தது. நிபுணர் அந்தக் கைகளைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"பத்து மணி நேரமா?" என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார். பேனா தாளின் மேல் தயாராக இருந்தது.

சார் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நிபுணர் என்ன கேட்டார் என்று அக்காவுக்குப் புரியவில்லை. சரியாகத் தெரியட்டும் என்று கைகளை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, விரல்களை நன்றாக அகற்றிப் பிடித்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.