சாக்ஸபோன்: பெயர் தெரியாது

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சீடிக்குள் இருந்த சின்னப் புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார் நீக்கிலாப்பிள்ளை. ஐம்பத்தொன்பதில் கொழும்பில் பதிந்த றொக் அன் றோல் பாட்டுக்கள். முப்பத்தேழு வருசம் கழித்து ரொறொன்ரோவில் ஒரு வெள்ளைக்காரர் அவற்றைத் தேடியெடுத்துச் சீடியாக்கியிருந்தார்.

“பாட்டுக்காரன்ரை பேர் பெரிசாக் கிடக்கு. கிற்றார்காரனுக்கும் பேர். ட்ரம்ஸ், நான்! என்ரை பேரைப் பிழையா எழுதியிருக்கிறாங்கள், போகட்டும். சாக்ஸபோன்...” அவர் நிறுத்தினார். “பெயர் தெரியாதாம். டேய் யேசு, கேட்டனியே? சனம் எழும்பி ஆடினதே உன்ரை ஊதலுக்கு. உனக்குப் பேரில்லையாம்.”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் யேசுரட்ணத்தின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்புத்தான். இன்றைக்குத் தாண்டாது என்று டொக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். கால்மாட்டில் போர்வையைச் செருகிக்கொண்டிருந்த மகள் றோஸ்மேரி நிமிரவேயில்லை.

“நேற்று இந்தச் சீடி போட்ட மனுசனுக்கு ஃபோன் எடுத்துக் கதைச்சன்,” என்றார் நீக்கிலாப்பிள்ளை. “ஆரோ உன்ரை பேரைச் சொல்ல, மூண்டு வருசத்துக்கு முந்தி டெலிபோன் புத்தகத்தைப் பாத்து அடிச்சவராம். ஒரு பொம்பிளை எடுத்து, இஞ்சை ஒருத்தரும் சாக்ஸபோன் வாசிக்கிறேல்லை எண்டு ஃபோனை வைச்சிட்டாளாம். பேர் பிழையாக்கும் எண்டு விட்டிட்டார். எந்த எருமையோ!”

அந்த எருமை போர்வையை இன்னொருமுறை செருகினாள்.

பாவம், அவள் என்ன கண்டாள்? அப்பா அப்போது வெல்ஃபெயரில், அரசாங்கம் கொடுக்கும் உதவிப் பணத்தில்; வேறு உழைப்பு இருப்பது தெரிந்தால் அது நின்றுவிடும். சனிக்கிழமைகளில் கலியாண ஹோல்களில் வாசித்துவிட்டு, கையில் கொடுப்பதை வாங்கி வருவார். இங்கிலீசில் ஒரு குரல் அவர் பேரையும் சாக்ஸபோனையும் சேர்த்துக் கேட்டால், வெல்ஃபெயர்க்காரர் துப்புப் பிடித்துவிட்டார்கள் என்றுதானே நெஞ்சு பதறும். ஃபோனை வைத்த கையோடு வாத்தியத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். இனி வாசிக்கப் போகக்கூடாது என்று அப்பாவோடு சண்டையும் பிடித்தாள். அதற்குப் பிறகு அவர் போகவேயில்லை.

“எருமை எண்டு சொல்லாதையடா,” என்றார் யேசுரட்ணம், கண்ணைத் திறக்காமல். “ஆரோ பயந்த பிள்ளையாயிருக்கும்.”

நீக்கிலாப்பிள்ளை சின்னப் புத்தகத்தைச் சீடிக்குள் திருப்பிச் செருகினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “கோப்பி வாங்கியாறன்,” என்று எழும்பிப் போனார்.

றோஸ்மேரி தலைமாட்டுக்கு வந்தாள். “அப்பா... அண்டைக்கு அந்த ஃபோனிலை...”

“பிள்ளை, அவன் சீனி போட்டுக் குடிச்சிடுவான். சலரோகக்காரன். ஓடிப்போய்ச் சொல்லு.”

“அப்பா, நான் சொல்லுறதை ஒருக்கால்...”

“போ பிள்ளை. லிஃப்டுக்குள்ளை ஏறியிடுவான்.”

போனாள். லிஃப்ட் வாசலில் பிடித்து, “அங்கிள், சீனி வேண்டாமாம்,” என்றாள்.

“உவன் கடைசிவரைக்கும் என்னை விடான்,” என்று சிரித்தார் அவர்.

ஐம்பது அடி போய் ஐம்பது அடி வந்தாள். அவ்வளவுதான். அப்பாவின் நெஞ்சில் கிடந்த போர்வை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

நேர்ஸைக் கூப்பிடாமல் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். அவருடைய காதருகே குனிந்தாள். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தாள்.

வெளியே சப்பாத்துச் சத்தம் கேட்டது. நீக்கிலாப்பிள்ளை மூன்று கோப்பிகளை இரண்டு கைகளுக்குள் ஒடுக்கிப் பிடித்து, சிந்தாமல், அடிமேல் அடி வைத்து வந்துகொண்டிருந்தார். றோஸ்மேரி எழும்பிப்போய் அவருக்குக் கதவைத் திறந்து பிடித்தாள்.